பல்கலைக்கழக அடையாள அட்டை இல்லாதவருக்கு யார் கட்டுரை எடுத்துத் தருவார்கள்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று பொருள்களைக் கேட்கிறீர்கள். தாமிரபரணி அணைக்கட்டுகளைப் பற்றி வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்றில் வந்த கட்டுரை. அதைத் திறக்க 40 டாலர் கேட்கிறார்கள். ‘செந்தமிழ்’ இதழில் ‘1920 வாக்கில்’ வந்ததாக யாரோ உங்களிடம் சொன்ன இன்னொரு கட்டுரை. பிறகு, வெள்ளைக்காரர் காலத்துப் பொதுப்பணித் துறை ஆணை ஒன்று. ஆனால் உண்மையான கேள்வி உங்கள் கடைசி வரியில்தான் இருக்கிறது: ‘மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், எந்தக் கல்லூரியிலும் இல்லை. முகம் தெரியாதவர்களிடம் இதையெல்லாம் கேட்கலாமா, கேட்டால் தருவார்களா, தந்தால் அது திருட்டா?’ அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். மற்ற மூன்றும் வழியில் வந்து சேரும்.

என்னைப் பற்றி ஒரு வரி. கல்லூரி நூலகம் ஒன்றில் 26 ஆண்டுகள் இருந்தேன். அதில் பாதிக் காலம், வேலை நேரம் போக, உங்களைப் போல் கேட்பவர்களுக்குக் கட்டுரை தேடிக் கொடுக்கும் ஆட்களில் ஒருவனாகவும் இருந்திருக்கிறேன். நூற்பட்டியல்களைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். சட்டத்தைப் பற்றிச் சொல்வதை ஒரு நூலகரின் புரிதலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வக்கீல் சொன்னதாக நினைத்துவிட வேண்டாம்.

தருவார்களா? தருவார்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2011-இல் ஆய்வாளர்கள் ட்விட்டரில் ‘ஐ கேன் ஹாஸ் பிடிஎஃப்’ என்று ஒரு அடையாளச் சொல்லை வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்கள். கட்டுரையின் விவரத்தையும் மின்னஞ்சல் முகவரியையும் போட்டால், உலகின் ஏதோ ஒரு மூலையில் அந்த இதழுக்குச் சந்தா உள்ள இடத்தில் இருப்பவர் அனுப்பிவிடுவார். வந்ததும் கேட்டவர் தம் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது எழுதாத விதி. விக்கிப்பீடியாவில் எழுதுகிறவர்கள் இதையே இன்னும் ஒழுங்காகச் செய்கிறார்கள். எந்தக் கட்டுரையை எழுத எந்தப் பக்கம் வேண்டும் என்று ஒருவர் குறிப்பிட்டுக் கேட்கிறார், கையில் இருப்பவர் அனுப்புகிறார். கணக்குத் தொடங்கி 6 மாதமும் 500 திருத்தங்களும் கடந்து, கடைசி ஒரு மாதத்தில் 10 திருத்தமாவது செய்தவருக்கு, பதிப்பகங்களே இலவசமாகத் திறந்துவிட்ட விக்கிப்பீடியா நூலகமும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவில் செய்த திருத்தங்களும் அந்தக் கணக்கில் சேரும். உங்கள் ஊரைப் பற்றியும் சுற்றியுள்ள ஊர்களைப் பற்றியும் ஆறு மாதம் எழுதினாலே தகுதி வந்துவிடும்.

தமிழில் இது புதிதும் அல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் இருந்தவர்கள் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, இணையத்தில் வைப்பதற்காகப் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், வேறொருவர் பிழை பார்த்தார், யாருக்கும் சம்பளம் இல்லை. ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்க 2005-இல் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய ‘நூலகம்’ திட்டத்துக்குப் பின்னால் ஒரு காயமும் உண்டு. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். ஒரே பிரதி ஒரே இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் பதில் வராது. இந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தேடுவதில் ருசி கண்டவர்கள். அரைகுறையாகத் தெரிந்த ஒரு கட்டுரையைத் துப்புத் துலக்கிப் பிடிப்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம் இருக்கிறது. ‘இந்த இதழ், இந்தத் தொகுதி, 212 முதல் 219 வரை’ என்று கேட்டால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ‘தாமிரபரணி பற்றி உள்ள எல்லாவற்றையும் அனுப்புங்கள்’ என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அது தங்கள் ஆய்வை அடுத்தவர் தலையில் கட்டுவது என்று அவர்களுக்குப் படுகிறது. எனக்கும் அப்படித்தான் படும்.

உங்கள் ‘1920 வாக்கில்’ என்பதை இங்கே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இதே சொற்களோடு வந்த ஒரு வேண்டுகோளில் நான் மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். அதுவும் ஒரு பழைய தமிழ் மாத இதழ்தான். கேட்டவர் வேறொரு நூலின் அடிக்குறிப்பில் 1920 என்று பார்த்திருந்தார். அந்த ஆண்டின் கட்டுத் தொகுப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன், இல்லை. இத்தனைக்கும் எந்த இதழ் எந்த மாதத்தது என்றே தெரியவில்லை. பைண்டு செய்தவர் வழக்கம்போல் ஒவ்வொரு இதழின் மேலட்டையையும் கழற்றி எறிந்துவிட்டுத் தைத்திருந்தார். மாதமும் ஆண்டும் அச்சாகியிருந்தது அந்த அட்டையில்தான். கடைசியில் காரைக்குடிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் அட்டையோடு உதிரி இதழ்கள் இருப்பது தெரிந்து, அவர் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினார். அட்டையில் ‘ரௌத்திரி ௵ தை ௴’ என்று இருந்தது (௵ என்றால் வருடம், ௴ என்றால் மாதம்). ரௌத்திரி 1920 ஏப்ரலில் பிறந்த ஆண்டு. அடிக்குறிப்பு எழுதியவர் அதைப் பார்த்து 1920 என்று போட்டுவிட்டார். ஆனால் அந்த ஆண்டின் தை மாதம் வருவது 1921 ஜனவரியில். கட்டுரை நான் புரட்டிய தொகுப்பிலேயே இல்லை, அடுத்ததில் இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம், பழந்தமிழ் இதழ்களில் தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் இந்தப் பிழை திரும்பத் திரும்ப நேர்கிறது என்பதுதான். அறுபதாண்டுச் சுழற்சி வேறு இருக்கிறது. ரௌத்திரி 1860-இலும் உண்டு, 1980-இலும் உண்டு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902-இல் தொடங்கியது என்பதால் உங்கள் விஷயத்தில் 1860 என்ற குழப்பம் வராது. ஆகவே, கேட்கும்போது ஆங்கில ஆண்டை மட்டும் எழுதாதீர்கள். உங்களிடம் சொன்னவரிடமே திரும்பப் போய், அவர் அதை எங்கே பார்த்தார், அங்கே தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இருந்தனவா என்று கேளுங்கள். அட்டை போனாலும், தொகுதி முழுவதும் தொடர்ந்து ஓடும் பக்க எண் போகாது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய இதழ்கள் ஏராளம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனி மனிதராகச் சேர்த்தது, அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி 1994-இல் இங்கேயே நூலகமாக்கியது. அங்கே கேட்பதற்கும் இந்த விவரங்கள்தான் தேவை.

ஆங்கிலப் பட்டியல்களில் தேடும்போது இரண்டு இடங்களில் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, ஊர்ப்பெயர். திருநெல்வேலி என்று இன்றைய எழுத்தில் போட்டுவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்பார்கள். டின்னவெல்லி (Tinnevelly), தாம்பிரபர்ணி (Tambraparni) என்று வெள்ளைக்காரர் எழுதிய எழுத்தில் போட்டுப் பாருங்கள், கொட்டும். ஸ்டூவர்ட்டின் மாவட்டக் கையேடு (1879), கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு (1881), பேட் எழுதிய கெசட்டியர் என்னும் மாவட்ட விவர நூல் (1917) மூன்றுமே இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. அணைக்கட்டு என்றால் நான் பேட்டில்தான் தொடங்குவேன். இன்னொன்று, தமிழ் நூல்களின் பெயரை அமெரிக்க நூலகங்கள் ஆங்கில எழுத்தில் பதியும் முறை. சகரத்துக்கு அவர்கள் எஸ் போட மாட்டார்கள், சி போடுவார்கள். தகரத்துக்கு வெறும் டி, பக்கத்தில் எச் கிடையாது. ழகரம் அடிக்கோடிட்ட எல். சிலப்பதிகாரத்தை எஸ்ஸில் தொடங்கித் தேடுகிறவருக்கு அந்தப் பட்டியல்களில் அரைவாசி கண்ணில் படாது.

40 டாலர் கட்டுரைக்கு வருகிறேன். அந்தப் பணத்தில் ஒரு காசுகூட அநேகமாகக் கட்டுரை எழுதியவருக்குப் போகாது. அதனால் நேராக அவருக்கே எழுதுங்கள். ‘இந்த ஆற்றங்கரையில் பிறந்தவன், உங்கள் கட்டுரையைப் படிக்க விரும்புகிறேன்’ என்று நான்கு வரி போதும். தம் கட்டுரையை ஒருவர் தேடிப் படிக்கிறார் என்பதே பல ஆய்வாளர்களுக்கு அதிசயம். என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு மேல் அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள், சிலர் கேட்காத இரண்டையும் சேர்த்து அனுப்புவார்கள். கூடவே அன்பேவால் (Unpaywall) என்ற உலாவி நீட்சியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் வேறெங்காவது சட்டப்படி இலவசப் பிரதி வைத்திருந்தால் ஓரத்தில் பச்சைப் பூட்டு திறந்திருப்பதாகக் காட்டும். ஆய்விதழ்களின் இணையக் களஞ்சியமான ஜேஸ்டோரில் (JSTOR) தனிநபர் கணக்கு இலவசம், மாதம் 100 கட்டுரை வரை திரையில் படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் என்றால் ஷோத்கங்கா. ஆய்வேட்டின் தரம் எப்படி இருந்தாலும், பின்னால் உள்ள துணைநூற்பட்டியல் உங்களுக்குப் பயன்படும்.

அரசு நிறுவனங்களுக்கெல்லாம் சேர்த்து ஒன்றிய அரசே ஆய்விதழ்ச் சந்தா கட்டும் ‘ஒரு நாடு ஒரு சந்தா’ திட்டம் உங்களுக்கு உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், ஏறத்தாழ 6,300 அரசு நிறுவனங்கள், 13,000 இதழ்கள். தனிநபருக்கு நேரடியாக ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் பக்கத்து அரசுக் கல்லூரியும் அந்தப் பட்டியலில் இருக்க வாய்ப்பு அதிகம். வெளியாளை உள்ளே உட்காரவிடுவது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பாதி விதி, பாதி அங்குள்ள நூலகரின் மனசு. காலை பத்து மணிக்குக் கூட்டம் இல்லாத நாளில் போய், கட்டுரையின் விவரத்தை ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. நான் நாற்காலியில் இருந்த காலத்தில் அப்படித் தாளோடு வந்த யாரையும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

இனி, திருட்டா என்ற கேள்வி. உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பின் 60 ஆண்டு, இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி முதல் கணக்கு. 1964-இல் இறந்தவரின் நூல்கள் 2025 ஜனவரி 1 முதல் எல்லாருக்கும் சொந்தம். இலங்கையில் அது 70 ஆண்டு. நாட்டுடைமை ஆக்கப்பட்டவர்களின் நூல்களுக்கு இந்தக் கணக்கே வேண்டாம். பாரதியின் பாடல்களுக்கான உரிமையை 1949-இல் சென்னை அரசு வாங்கியதில் தொடங்கிய வழக்கம் அது, இன்று பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஒரு பொறி மட்டும் கவனியுங்கள். பழைய பாட்டுக்கு உரிமை இல்லை என்றாலும் அதற்கு 1985-இல் ஒருவர் எழுதிய உரைக்கு உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆய்வு உட்படச் சொந்தப் பயனுக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை மீறலாகக் கொள்வதில்லை. நீங்களே நூலகத்தில் உட்கார்ந்து எட்டுப் பக்கம் படி எடுத்தால் யாரும் குறை சொல்ல முடியாது.

சந்தேகம் அடுத்த படியில்தான் தொடங்குகிறது. அந்த எட்டுப் பக்கத்தை நான் எடுத்து உங்களுக்கு அனுப்பினால், பயன் உங்களுடையது, படி எடுத்தவன் நான். 2016-இல் டெல்லி பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை வழக்கில் உயர் நீதிமன்றம் கற்பித்தலுக்கான விதிவிலக்குக்குத் தாராளமாகவே பொருள் கொண்டது. ஆனால் அது வகுப்பறையைப் பற்றியது. நீங்களும் நானும் வகுப்பறை அல்ல. ஒருவருக்கு ஒரு கட்டுரை என்ற அளவில் நான் மனச்சாட்சி உறுத்தாமல் செய்து வந்திருக்கிறேன், அது என் தீர்மானம். முழு நூலை, அதுவும் கடையில் இப்போதும் விற்கிற நூலை, படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுவேன். சிறிய தமிழ்ப் பதிப்பகத்தார் முந்நூறு பிரதி விற்றுத்தான் அடுத்த நூலுக்குத் தாள் வாங்குகிறார்.

சட்டம் போக, சந்தா கட்டும்போது நூலகம் பதிப்பகத்தோடு போடும் ஒப்பந்தம் என்று ஒன்றும் உண்டு, பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். நான் இருந்த கல்லூரியில் ஒரு மாணவர், ஊரெல்லாம் கேட்கிறது என்று ஓர் இதழின் முப்பது ஆண்டுத் தொகுதியை ஒரே இரவில் இறக்கினார். மறுநாள் காலை அந்தத் தரவுத்தளம் கல்லூரிக்கே மூடிக் கிடந்தது. ஆய்வேடு சமர்ப்பிக்க நான்கு நாள் இருந்த ஒரு பெண் என் மேசைக்கு முன்னால் நின்று அழுதார். மின்னஞ்சல் எழுதி, விளக்கம் கொடுத்துத் திறக்க வைக்க ஒன்பது நாள் ஆனது. இறக்கும் பிடிஎஃப்களில் பலவற்றின் ஓரத்தில் நிறுவனத்தின் பெயரும் நேரமும் பதிந்திருக்கும். உங்களுக்கு அனுப்பியவரின் வேலைக்கு அது உலை வைக்கலாம். எனவே வந்ததை இன்னொரு குழுவில் போடாதீர்கள், உங்கள் வலைப்பதிவில் ஏற்றாதீர்கள். பதிப்பகத்தின் அனுமதி இல்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் சை-ஹப் போன்ற தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். 2020 டிசம்பரில் பெரிய பதிப்பகங்கள் டெல்லி உயர் நீதிமன்றத்தில் அதன்மீது வழக்குப் போட்டன. தவிர, உங்கள் ‘செந்தமிழ்’ கட்டுரையை அங்கே தேடுவது கடலில் நெல்லிக்காய் பறிக்கப் போவது.

பிரதி வந்து சேர்ந்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கேட்கும்போதே முகப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். எட்டுப் பக்கம் மட்டும் அழகாக வந்து, அது எந்தப் பதிப்பு என்று தெரியாமல் போனால் மேற்கோள் காட்ட உதவாது. பலரும் இரண்டாம் பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு முதற்பதிப்பின் ஆண்டைப் போடுகிறார்கள். தட்டச்சு செய்து மட்டும் அனுப்புகிறேன் என்றால் நன்றி சொல்லிவிட்டுப் படமே கேளுங்கள், மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் தட்டச்சில் இடம் மாறினால் ஊர்ப்பெயரே மாறிவிடும். உதவியவர் பெயரை, அவர் சம்மதித்தால், முன்னுரையில் குறிப்பிடுங்கள். உ.வே.சா. தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடு கொடுத்தவர்களை ஊரும் பெயருமாகப் பட்டியல் போட்டிருப்பது நன்றிக்காக மட்டும் அல்ல. எந்தப் பாடம் எந்த வீட்டு ஏட்டில் இருந்து வந்தது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமே.

புதையல் காத்த பூதங்களும் நம்மிடையே உண்டு, எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் பீரோவில் இருப்பதைக் காட்டவே மாட்டார்கள், அல்லது நூறாண்டுப் பழைய பக்கத்தின் மேல் குறுக்கே தம் பெயரைப் பெரிதாக அடித்து அனுப்புவார்கள். அவர்களோடு சண்டை வேண்டாம். அதே நூல் இன்னொரு வீட்டில் இருக்கும்.

வாங்குகிறவராக மட்டும் உங்களை நினைத்துக்கொண்டு கேட்கிறீர்கள், அதுதான் தயக்கத்துக்குக் காரணம் என்று தோன்றுகிறது. மின்வாரியத்தில் இருந்தவர் நீங்கள். பாபநாசம் நீர்மின் நிலையம் 1944-இல் ஓடத் தொடங்கியது. அதைப் பற்றிய துறை வெளியீடுகள், விழா மலர்கள், பணியாளர் சங்கக் கையேடுகள் எந்த நூலகத்துக்கும் முறையாகப் போய்ச் சேரவில்லை. இந்த வகைத் தாள்களைத் தேடி என்னிடம் மூன்று பேர் வந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் கொடுக்க முடியவில்லை. உங்கள் வீட்டிலோ உங்களோடு வேலை பார்த்தவர்கள் வீட்டிலோ இருந்தால், பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் தாளை மட்டமாக வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுங்கள். அட்டையை விட்டுவிடாதீர்கள்.

பொதுப்பணித் துறை ஆணைக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம்தான் இடம். அங்கே ஆணை எண், நாள், துறை மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால்தான் கட்டு வெளியே வரும். எண் தெரியாவிட்டால் அந்த ஆண்டின் பொருளடைவுத் தொகுதியைப் புரட்ட வேண்டும், அதற்கு ஆண்டாவது தெரிய வேண்டும். உங்களுக்கு அந்த ஆணை எந்த நூலின் அடிக்குறிப்பில் கிடைத்ததோ அந்தப் பக்கத்தை முழுதாகப் படம் எடுத்து இங்கே போடுங்கள். வேறு ஒரு வேலையாக அடுத்த மாதம் முதல் வாரம் எழும்பூர் போகிறேன், உங்கள் சீட்டையும் சேர்த்து எழுதிப் போடுகிறேன்.